பியூலா வீட்டில் நான் வாசிக்காமல் வந்த அறிக்கை

நம் அறக்கட்டளையில் புதிதாக வீட்டு விசாரணைக்குப் போகும் பிள்ளைகளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விசாரணைப் படிவம் நிரப்புவேன், அதற்கு மேல் நீளமாக எதையும் எழுதியதில்லை. எந்த வருடம் எது நடந்தது என்பதும் இப்போது மறந்து மறந்து போகிறது. உங்கள் முன்னால் நின்று பேசச் சொன்னீர்கள். அது என்னால் ஆகாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதவும் ஆகாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. ஒத்துக்கொண்டாயிற்று, என்ன செய்வது.

இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. கண் மங்கிய பிறகு கம்பெனி முதலாளி இந்த அறக்கட்டளை ஆபீசில் கூட்டிப் பெருக்கவும் டீ வைக்கவும் சேர்த்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மேல்படிப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள், விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டை ஒருவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் கமிட்டி முடிவெடுக்கும். அப்போது வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர் ரிட்டயர் ஆன தபால்காரர் ஒருவர். பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் தனியாக நுழையக் கூச்சப்பட்டு, "நீங்க சும்மா கூட வாங்க, போதும்" என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போவார். சும்மா போனவள்தான், அவருக்கு முட்டி வலி வந்த பிறகு அந்த வேலைக்கே ஆள் ஆகிவிட்டேன்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே இரண்டு.

"கண்ணுல பட்டத மட்டும் எழுதுங்க. நீங்களா நெனச்சத எழுதாதீங்க. அப்பறம், எழுதுனத அங்கயே அவிய காதுல படிச்சுக் காட்டீட்டுத்தான் படியிறங்கோணும். அவியளுக்குத் தெரியாம அவிய ஊட்டுச் சங்கதிய எடுத்துட்டு வந்தா அதுக்குப் பேரு திருட்டுங்க."

படிவத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. அவராக வைத்துக்கொண்ட வழக்கம். கணியூரில் ஒரு வீட்டில் புத்தம்புது ஃபிரிட்ஜ் நின்றது. பார்த்ததை எழுதினேன், வாசலில் நின்று வாசித்தேன். அந்த வீட்டு அம்மா கலகலவென்று சிரித்து, "அதுங்களா? ஊட்டுக்கார அம்மாவோடதுங்க, மாடியில எடமில்லீன்னு இங்க கொண்டாந்து வெச்சிருக்குதுங்க. எங்களுக்கு அதுல ஒரு தண்ணி பாட்டில் வைக்க மட்டுந்தான் பர்மிசன்" என்றார். அதையும் சேர்த்து எழுதினேன். வாசிக்காமல் வந்திருந்தால் அந்தப் பையனின் படிப்பில் மண் விழுந்திருக்கும்.

இப்படி வருடக்கணக்கில் வாசித்துப் பழகிய நான் ஒரே ஒரு வீட்டில் வாசிக்காமல் வந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாம் பணம் கொடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். ஒருமுறை பியூலா என்ற பெண் கணக்கில் ஆராய்ச்சி செய்ய உதவி கேட்டு விண்ணப்பித்தாள். கோயமுத்தூரில் பல்கலைக்கழகம். அரசாங்கம் நடத்தும் உதவித்தொகைப் பரீட்சையில் கொஞ்சத்தில் தவறிவிட்டாள். அந்தப் பணம் இல்லாவிட்டாலும் ஆராய்ச்சிக்குச் சேரலாம், ஆனால் சாப்பிட முடியாது. நம் கமிட்டி கணக்கு ஆராய்ச்சிக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்று வருடத்துக்கு என்று பேச்சு, ஆனால் ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பார்த்துத்தான் தொடர வேண்டும்.

மற்ற பிள்ளைகள் வருடக் கடைசியில் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு மார்க் ஷீட் இல்லை. அதற்குப் பதிலாக அவளுடைய பேராசிரியர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். முதல் வருடம் முடிந்தபோது அவர் வெளிநாட்டுக்குப் போயிருந்தார், கடிதம் வரவில்லை. ஆகவே நான் வீட்டைப் பார்த்து எழுதுவதுதான் கமிட்டிக்கு ஒரே ஆதாரம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நம் ஊர் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் வரிசையாக எட்டு லைன் வீடு. அதில் ஐந்தாவது. தெற்கே சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா ஓவர்லாக் டெய்லர், வேலைக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து டீ-சர்ட்களில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. தலைய குனிஞ்சு வாங்க, நெலை இடிக்கும். போன வருசம் ஒங்க ஆபீசுலருந்து வந்தவரு இடிச்சுட்டுப் போனாரு."

"புள்ள என்னங்க படிக்குது இப்ப?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட கேக்கீயளா? ஊர்ல எங்கண்ணன் போன்ல கேக்கான், ஒம் மவ டாக்டருக்கா படிக்கான்னு. ஆமா, டாக்டருக்குத்தான், ஆனா ஊசி போட மாட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். எழுதுதா, அடிக்கா. மறுபடி எழுதுதா, மறுபடி அடிக்கா. ஒரு தாளத் தூக்கிப் போட விட மாட்டேங்கா. பெட்டி நெறஞ்சா நான் எங்கக்கா படுக்க?"

உள்ளே பியூலா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி இரண்டு. வாய் வரைக்கும் தாள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க எழுத்து, மேலிருந்து கீழே ஒரு கோடு. அடுத்ததும் அப்படித்தான்.

"ஏங்கண்ணு, இந்த வருசத்துல முடிச்சது எது?"

அவள் யோசித்து, தலைமாட்டில் இருந்த ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாள். "முடிச்சதுன்னா இந்த மூணு தாளுங்கம்மா."

"பொட்டியில இருக்கறது?"

"அது எல்லாம் அடிச்சதுங்கம்மா."

கண்ணில் பட்டதை எழுதினேன். 'ஒரு வருடமாக எழுதியது இரண்டு பெட்டி. எல்லாம் அடித்துக் கிடக்கிறது. முடித்தது மூன்று தாள்.' பொய் ஒரு எழுத்து இல்லை. ஆனால் எழுதியது செக்கிங்காரியின் கை. எத்தனை வந்தது, எத்தனை கழிந்தது, எத்தனை தேறியது.

அடுத்து வாசிக்க வேண்டும். வாயெடுத்தேன். அந்தப் பெண் எம்.எஸ்.ஸி. முடித்தவள். என் படிவத்தை அவள் எட்டிப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. எந்த இடத்தில் பெரிய 'ற', எந்த இடத்தில் சின்ன 'ர' என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இவள் முன்னால் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பதா என்று வெட்கம் பிடுங்கியது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது.

கமிட்டி கூடுவதற்கு முதல் நாள் காலையில், ஆபீசில் அறிக்கைகளை டைப் அடிக்கும் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, இந்த மேத்ஸ் அக்காவோடத இப்படி எழுதிப்போட்டீங்களே. அவங்களுக்கு நிறுத்தீட்டு, குண்டடத்து நர்சிங் புள்ளைக்கு மாத்திக் குடுக்கலாம்னு கமிட்டிக்காரங்க நேத்தே போன்ல பேசிக்கிட்டாங்க."

"நான் பார்த்ததத்தான எழுதுனன்?"

"படிச்சுக் காட்டுனப்ப அந்தக்கா ஒண்ணும் சொல்லலீங்களா?"

டீ கேனை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குண்டடத்துக்குப் போய் அந்த நர்சிங் பெண்ணின் வீட்டைப் பார்த்து எழுதியதும் நான்தான். அதுவும் இல்லாதப்பட்ட வீடுதான். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் முழுங்கிய வார்த்தையால் ஒருத்தியிடமிருந்து பிடுங்கி இன்னொருத்திக்குப் போகக் கூடாது. டீ கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ராயபுரத்துக்கு நடந்தேன்.

பியூலா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, படிவத்தின் நகலை எடுத்து, எழுத்துக்கூட்டியே வாசித்தேன். வாசித்து முடித்தபோது பிசிர் வெட்டும் கத்தரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நிறுத்தீருவாங்களாம்மா?" என்று பியூலா கேட்டாள்.

"நாளைக்குப் பேசுவாங்க."

"நிறுத்துனா அப்பா ஆர்டர் பார்த்துக்கற மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகச் சொல்லுவாரு. ஒரு கம்பெனியில பேசியே வெச்சிருக்காரு. ஒருக்கா விட்டா இது அவ்வளவுதாம்மா. இதைத் திரும்ப வந்து பிடிக்க முடியாது."

"அந்த அடிச்ச தாளெல்லாம் என்னன்னு சொல்லு கண்ணு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு, புரியலீன்னா புரியலீங்கறேன்."

அவள் அம்மாவின் குவியலிலிருந்து பட்டை போட்ட ஒரு டீ-சர்ட்டை எடுத்தாள். "இது சிவப்பு, வெள்ளை, நீலம். மறுபடி சிவப்பு, வெள்ளை, நீலம். ஒரே துண்டு அடுத்தடுத்து வருது. அப்படி எந்தத் துண்டும், ஒரு பட்டையோ நூறு பட்டையோ, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவை வராம, மூணே கலர்ல பட்டை போட்டுக்கிட்டே போகலாம். முடிவே இல்லாமப் போகலாம். அது பழைய சங்கதி, எப்பவோ நிரூபிச்சிட்டாங்க. அதோட இன்னொரு கட்டுப்பாடும் சேர்த்தா முடியுமாங்கறதுதான் நான் பார்க்கறது. ஒவ்வொரு தாளும் ஒரு வழி. இப்படிப் போனா நாப்பதாவது பட்டையில முட்டுது, அப்படிப் போனா தொண்ணூறுல முட்டுது. முட்டுனதும் கோடு போட்டுருவேன். ஏன் முட்டுதுன்னு சேர்த்துப் பார்த்ததுதான் அந்த மூணு தாள்."

"அப்ப பொட்டி இல்லீன்னா மூணு தாள் இல்லியா?"

"ஆமாங்கம்மா."

"இது எதுக்கு உதவும் கண்ணு?"

அவள் டீ-சர்ட்டை மடித்துத் திரும்பக் குவியலில் வைத்தாள். பிறகு, "தெரியாதுங்கம்மா" என்றாள்.

"ஏட்டி, கேக்கவங்ககிட்ட ஏதாச்சும் உதவும்னு சொல்லேன்!" என்று அவளுடைய அம்மா வாசலிலிருந்து கத்தினார்.

"தெரியாததை எப்படிம்மா சொல்ல?"

மறுநாள் கமிட்டி. தலைவரும் ஐந்து உறுப்பினர்களும். விசாரணைக்குப் போகிறவர்கள் பின்னால் பெஞ்சில் இருப்போம், கேட்டால் பதில் சொல்வோம். என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. தலைவர் என் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், நாலு யூனிட் வைத்து நடத்துகிறவர், பேனாவை மூடிவிட்டார்.

"வருசத்துக்கு மூணு தாளுங்களா? எங்க கம்பெனில இப்படி வேலை பார்த்தா ஷட்டரச் சாத்தீட்டுப் போக வேண்டியதுதான். குண்டடத்துப் புள்ளைக்கே குடுத்தரலாமுங்க. நர்சிங் முடிச்சா மறு மாசமே சம்பளம்."

நான் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், டீ டம்ளர்களை எடுக்கிறவள் மாதிரிதான் எழுந்தேன். மேசை மேல் டம்ளரே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சார், அது நான் தப்பா எழுதிப்போட்டனுங்க."

"தப்புன்னா? மூணு இல்லீங்களா, நாலா?" என்றார் அந்த உறுப்பினர். சிரித்தார்கள்.

"மூணுதானுங்க. எண்ணுனது சரிங்க. எழுதுனதுதான் பாதிங்க. எழுதுனத அந்தப் புள்ளைக்குப் படிச்சுக் காட்டாம வந்துட்டனுங்க. நேத்துப் போயிப் படிச்சனுங்க." இதுவரைக்கும்தான் சொல்ல வந்தது. பட்டை, நீலம், சிவப்பு என்று பியூலா சொன்னதெல்லாம் தலையிலிருந்து ஓடிவிட்டது. கையில் இருந்தது என் இருபது வருடக் கம்பெனி மட்டும்தான். "சார், உங்க கம்பெனில சாம்பிள் டெய்லருக்குப் பீஸ் ரேட்டுங்களா, சம்பளமுங்களா?"

"இதென்னங்க்கா கேள்வி? லைன்ல தெக்கறவனுக்குத்தான் பீஸுக்கு இவ்வளவுன்னு. சாம்பிள் டெய்லருக்குச் சம்பளந்தான்."

"ஏனுங்க?"

"ஆர்டர் குடுக்கற பையருக்கு ஓகே ஆகற வரைக்கும் ஒரே உருப்படிய ஏழு தடவ பிரிச்சுப் பிரிச்சுத் தெப்பான். அவனப் பீஸ் ரேட்ல போட்டா சாயந்திரமே ஓடிருவான்."

"பிரிச்சுப் போட்டதுக்கெல்லாம் அவன் சம்பளத்துல புடிப்பீங்களா சார்?"

அவர் வாயெடுப்பதற்குள் நானே சொன்னேன். "அந்தப் புள்ள பொட்டியில இருக்கறது பிரிச்சுப் போட்டதுங்க. நான் அதச் செக்கிங்ல கழிச்ச மாதிரி எழுதீட்டனுங்க. கழிச்சது அவ இல்லீங்க, நானுங்க."

தலைவர் சிரித்துவிட்டு, "ஏனுங்க, அக்கா உங்களையே விரிச்சு ஸ்டிக்கர் ஒட்டீட்டாங்க போங்க" என்று அந்த உறுப்பினரைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சரிங்க்கா. சாம்பிள் ஓகே ஆனா எனக்கு ஆர்டர் வருது. இதுக்கு என்ன வருது?"

ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. "தெரியலீங்க சார். நான் கேட்டனுங்க. அந்தப் புள்ளயும் தெரியாதுன்னுதான் சொல்லுச்சுங்க. நான் இத்தன ஊடு பார்த்திருக்கறனுங்க, இது படிச்சா இது கெடைக்கும்னு எல்லாரும் எங்கிட்டச் சொல்லுவாங்க. தெரியாதுன்னு சொன்ன ஊடு இது ஒண்ணுதானுங்க."

அந்த நேரத்தில் டைப் அடிக்கும் பெண் ஒரு கூரியர் கவரோடு உள்ளே வந்தாள். பியூலாவின் பேராசிரியர் கடிதம், ஊர் திரும்பியதும் அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷில் இரண்டு பக்கம். தலைவர் படித்தார், பக்கத்தில் கொடுத்தார், அது ஒரு சுற்று வந்தது. "அக்கா, டீ கொண்டாங்க" என்றார் தலைவர். நான் போய் டீ போட்டு எடுத்து வருவதற்குள் முடிவு எழுதி, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். பியூலாவுக்கு இரண்டாம் வருடம் உண்டு என்று டைப் அடிக்கும் பெண் கண்ணாலேயே சொன்னாள். அன்று டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அப்புறம் சொன்னார்கள். குடிக்கும்போது யாரும் சொல்லவில்லை.

குண்டடத்துப் பெண் அடுத்த பட்டியல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் அவள் அப்பா கடன் வாங்கித்தான் கட்டினார். அவர் இன்றைக்கும் என்னைச் சந்தையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வீட்டுக்கு நியாயம் செய்கிற அன்று இன்னொரு வீடு வெயிலில் நிற்கும், அதற்கும் நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

பியூலா மூன்று வருடத்தில் முடிக்கவில்லை, நாலு ஆயிற்று. நாலாவது வருடத்தைப் பல்கலைக்கழகத்திலேயே ஏதோ ஒரு தொகை கொடுத்துச் சமாளித்தார்கள். ஆரம்பித்த கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லையாம், பாதிக்குக் கிடைத்ததாம். அந்தப் பாதிக்கே பட்டம் கொடுத்தார்கள். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு இப்போது படுக்க இடம் இருக்கிறது, இரண்டு ரூம் வீடு.

நீங்கள் இப்போது போனிலேயே போட்டோ எடுத்து அங்கிருந்தே அனுப்பிவிடுகிறீர்கள். நல்லதுதான், கை வலி மிச்சம். ஆனால் அந்தப் பெட்டியைப் போட்டோ எடுத்திருந்தாலும் கோடு போட்ட தாள்தான் விழுந்திருக்கும். அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அந்த வீட்டாரிடம் ஒருமுறை காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளைகள் முன்னால் வெட்கமாக இருந்தாலும் வாசியுங்கள். மார்க் ஷீட் இல்லாத படிப்பு எடுத்த பிள்ளைகளிடம் இன்னும் பத்து நிமிடம் கூட உட்காருங்கள். அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, உங்களில் யாராவது எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். அன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஆபீஸ் பீரோவில் இருக்கும். இங்கிலீஷில் எழுதியிருப்பதால் என்னால் படிக்க முடியாது, படித்துச் சொல்லுங்கள் என்று யாரையும் கேட்கவும் கூச்சம். பியூலாவுக்குப் பணம் தொடர்ந்தது நான் பேசியதாலா, பேராசிரியர் கடிதத்தாலா என்று அதில் இருக்கும். நான் பேசியதால்தான் என்று நானாக வைத்துக்கொண்டு இத்தனை வருடம் சந்தோஷமாக இருந்துவிட்டேன். எடுத்துப் பாருங்கள். கடிதத்தால்தான் என்று இருந்தால், மேலே நான் பேசியதாக எழுதிய பகுதியைச் சுருக்கிவிடுங்கள். வருடங்களையும் ஒருமுறை சரிபாருங்கள். அந்தப் பெண் படித்து முடித்தது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், அதில் திருத்த ஒன்றுமில்லை.